கடுநோய்க் காப்புறுதி: 36 நோய்களின் பட்டியலும் அதற்குள் இருக்கும் நிபந்தனைகளும்

மெடிக்கல் கார்டுதான் இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னொன்று? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காப்புறுதி ஏஜென்ட் கடுநோய்ப் பேச்சை எடுத்ததும் வரும் முதல் கேள்வி இதுதான். கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். "36 நோய்க்கும் கவரேஜ் இருக்கு அண்ணே" என்பது இதற்குப் பதில் ஆகாது.

மெடிக்கல் கார்டு ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுகிறது. அறை வாடகை, அறுவை சிகிச்சை, மருந்து, எல்லாம் ஆண்டு வரம்புக்குள் ஆஸ்பத்திரியின் கணக்குக்கே போகும்; உங்கள் கைக்கு ஒரு காசு வராது. கடுநோய்க் காப்புறுதி ஆஸ்பத்திரி பில்லைக் கேட்பதே இல்லை. பட்டியலில் உள்ள நோய், பட்டியல் சொல்லும் கடுமையில் வந்திருக்கிறது என்று மருத்துவ அறிக்கை நிரூபித்தால் போதும், மொத்தத் தொகை உங்கள் வங்கிக் கணக்கில் விழும். அதில் வீட்டுக் கடன் கட்டலாம், பிள்ளைகளின் டியூஷன் கட்டலாம், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம். யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். பெயரில் நோய் இருந்தாலும் இது காக்கும் பொருள் சம்பளம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் தேவையா இல்லையா என்ற முடிவு பாதி எளிதாகிவிடும்.

சம்பளம் எப்போது நிற்கும்?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் தனியாக 60 நாள். இரண்டையும் கூட்டினாலும் நீண்ட காலம் வேலை செய்தவருக்கே 82 நாள்தான். கீமோதெரபி பெரும்பாலும் காலையில் போய் மாலையில் திரும்பும் சிகிச்சை என்பதால், அந்த 60 நாளை முழுதாக எடுக்க முடியுமா என்பது டாக்டர் தரும் சான்றையும் கம்பெனியின் மனத்தையும் பொறுத்தது. மார்பகப் புற்றுக்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு என்று வரிசையாகப் போனால் எட்டு, பத்து மாதம் சாதாரணமாக ஓடிவிடும். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு பெரும்பாலான வேலையிடங்களில் சம்பளமில்லா விடுப்புதான்.

சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. சொக்சோவின் இயலாமைத் திட்டம் வேலைக்கு வெளியே வந்த நோய்க்கும் பென்ஷன் தருகிறது. 60 வயது ஆகியிருக்கக் கூடாது. முழுப் பென்ஷனுக்கு, கடந்த 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இனி சம்பாதிக்க முடியாது என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். கிடைப்பது சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2024 அக்டோபர் முதல் 6,000 ரிங்கிட் உச்சவரம்பு. ஓராண்டு சிகிச்சை எடுத்துக் குணமாகி வேலைக்குத் திரும்பப் போகிறவர் இந்த 'நிரந்தர இயலாமை' என்ற வாசலுக்குள் நுழைய முடியாது. அந்த ஓராண்டு இடைவெளியில்தான் வீடு தள்ளாடும்.

சொந்தத் தொழில் செய்வோர் நிலை இன்னும் கடினம். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை, பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை, கிராப் ஓட்டுவது, வெல்டிங் காண்டிராக்ட், எதுவானாலும் சரி. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டம் வேலை தொடர்பான விபத்துக்கும் வேலையால் வந்த நோய்க்கும் மட்டுமே. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் வந்து கடை மூடினால் அங்கிருந்து ஒன்றும் வராது. ஆகவே என் தீர்ப்பில் இந்தக் காப்புறுதி முதலில் தேவைப்படுபவர்கள் இவர்கள்தான். ஏஜென்ட்கள் பெரும்பாலும் இவர்களைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் மாதச் சம்பளச் சீட்டு இல்லை.

அடுத்து, வீட்டில் ஒருவர் சம்பளத்தை மட்டும் நம்பி மூன்று பேருக்கு மேல் இருப்பவர்கள். அதற்கடுத்து, வீட்டுக் கடன் கழுத்துவரை இருக்கும் இளம் தம்பதி. கணவன், மனைவி இருவரும் சம்பாதித்து, ஒருவர் சம்பளத்திலேயே வீடு நடக்கும் என்றால் சிறிய தொகை போதும். கடன் முடிந்து, பிள்ளைகள் வேலைக்குப் போய், கையில் இரண்டு ஆண்டுச் செலவுக்குப் பணம் வைத்திருக்கும் 58 வயதுக்காரருக்கு இது தேவையில்லை. அந்த வயதில் கட்டணமும் ஏறியிருக்கும். வேலைக்குப் போகாத பிள்ளைகளின் பேரில் பெரிய தொகைக்கு எடுப்பதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். முதலில் சம்பாதிக்கும் ஆளைக் காக்க வேண்டும்.

மெடிக்கல் கார்டா, இதுவா, ஒன்றுதான் கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் பலர். கார்டுகளின் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால் 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வை 2026 இறுதிவரை பரப்பி வசூலிக்கச் சொன்னது. பாலிசிதாரர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினருக்கு ஆண்டு உயர்வு பத்து விழுக்காட்டுக்குள் இருக்கும் என்றது. கார்டை விட்டுவிடாமல் செலவைக் குறைக்க ஒரு வழி, செலவில் ஒரு பங்கை நாமே ஏற்கும் திட்டத்துக்கு மாறுவது. 2024 செப்டம்பர் முதல் நிறுவனங்கள் இந்தத் தேர்வைத் தந்தாக வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஓர் அளவான கடுநோய்ப் பாலிசி எடுக்கலாம். அதுவும் முடியாது, அரசாங்க ஆஸ்பத்திரி போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு என் வரிசை வேறு: கடுநோய்ப் பாலிசி முதலில், கார்டு பிறகு. கோலாலம்பூர் ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் பினாங்கு ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் குடிமக்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் கட்டணம் ஐந்து ரிங்கிட். சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு இடம் இல்லை. காத்திருப்பு நீளும் என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் இந்த முடிவை எடுக்க வேண்டும்.

பட்டியலைப் படிக்கும் முறை

36 என்ற எண் விளம்பரத்துக்குப் பயன்படும். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இந்த 36 நோய்களின் வரையறை கிட்டத்தட்ட ஒன்றே, ஏனென்றால் மலேசிய ஆயுள் காப்புறுதிச் சங்கம் பொது வரையறைகளை வகுத்து வைத்திருக்கிறது. ஆகவே "எங்களிடம் 36, அவர்களிடமும் 36" என்ற ஒப்பீட்டுக்கு அர்த்தம் இல்லை. 100, 150 நிலைகள் என்று சொல்லும் திட்டங்களில் பெரும்பாலும் அதே நோய்கள் தொடக்கநிலை, இடைநிலை, முற்றிய நிலை என்று பிரித்து எண்ணப்படுகின்றன. கிளெய்ம்களில் பெரும் பங்கு புற்றுநோய், இதயம், பக்கவாதம், சிறுநீரகம் ஆகிய நான்கில்தான் வரும். அந்த நான்கு வரையறைகளையாவது கையெழுத்துப் போடும் முன் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

புற்றுநோயில் ஒரு தவறான கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "முதல் ஸ்டேஜ் என்றால் பணம் கிடைக்காது" என்கிறார்கள். அப்படியில்லை. திசுவுக்குள் ஊடுருவிய புற்று என்று பயாப்சி உறுதி செய்தால், மார்பகத்திலோ குடலிலோ முதல் ஸ்டேஜாக இருந்தாலும் வரையறைக்குள் வரும். விலக்கப்படுவது ஊடுருவாத நிலை; கார்சினோமா இன் சித்து என்று அறிக்கையில் எழுதியிருக்கும். கர்ப்பப்பை வாயில் வரும் முன்புற்று மாற்றங்களும் விலக்கு. தைராய்டு, புரோஸ்டேட், சிறுநீர்ப்பை மூன்றுக்கும் தனி நிபந்தனை உண்டு: டி1 என்0 எம்0 என்று வகைப்படுத்தினால் பணம் இல்லை. தைராய்டில் இதன் பொருள், கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், நிணநீர்க்கணுவுக்கோ வேறு உறுப்புக்கோ பரவவில்லை என்பது. இளம் பெண்களுக்கு வரும் தைராய்டுப் புற்றில் பல இந்த அளவிலேயே ஸ்கேனில் அகப்பட்டுவிடுகின்றன என்பதால், கிளெய்ம் மறுக்கப்படும் இடங்களில் இது முக்கியமானது. தோல் புற்றில் மெலனோமா தவிர மற்றவை கிடையாது.

இதயத்தில் மூன்று தனித்தனி வாசல்கள் உண்டு, இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை வருகிறது.

மாரடைப்பு என்ற வாசலுக்கு மூன்று சான்று ஒன்றாக வேண்டும்: வழக்கமான மார்புவலி இருந்தது என்ற பதிவு, இசிஜியில் புதிய மாற்றம், ரத்தத்தில் இதயநொதியோ ட்ரோபோனினோ பாலிசி சொல்லும் அளவைத் தொட்டது. நிலையற்ற ஆஞ்சைனா, அதாவது இதயத்தசை சாகாத மார்புவலி, என்று முடிவானால் பணம் இல்லை. இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நீரிழிவு நீண்ட நாளாக இருப்பவருக்கு நரம்பு மரத்துப்போவதால் மாரடைப்பு மார்புவலி இல்லாமலே வரலாம். மூச்சுத்திணறல், வியர்வை, தாடையிலோ தோளிலோ ஓர் இறுக்கம், அவ்வளவுதான். அவசரப் பிரிவில் எந்தெந்த இடத்தில் என்ன உணர்ந்தார், எப்போது தொடங்கியது என்பதையெல்லாம் விடாமல் சொல்லுங்கள். அது முதலில் சிகிச்சைக்கு உதவும். கோப்பில் எழுதப்படாத அறிகுறியைப் பிறகு யாரும் சேர்த்துத் தரமாட்டார்கள்.

பைபாஸ் என்ற வாசல் மார்பைத் திறந்து செய்யும் அறுவைக்கு மட்டும். ஸ்டென்ட் வைத்தால் அது ஆஞ்சியோபிளாஸ்டி; அதற்குக் கிடைப்பது மொத்தத் தொகையில் 10 விழுக்காடு, அதுவும் 25,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாது, ஒரே தடவைதான். 100,000 ரிங்கிட் பாலிசி என்றால் 10,000. மீதி 90,000 தொடர்ந்து நடப்பில் இருக்கும். மூன்றாவது வாசல் கடுமையான இதயநாள நோய்: மூன்று முக்கிய நாளங்களிலும் ஒரே சமயத்தில் குறைந்தது 60 விழுக்காடு அடைப்பு இருப்பதாக ஆஞ்சியோகிராம் காட்ட வேண்டும். இடது பிரதான நாளத்தில் 60 விழுக்காடு என்றால் அது இரண்டு நாள அடைப்பாக எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு நாளத்தில் 90 விழுக்காடு அடைப்பு, மூன்றாவது சுத்தம் என்றால் இந்த வாசல் மூடியிருக்கும். சிடி ஸ்கேன் போன்ற ஊடுருவாத பரிசோதனை அறிக்கையும் இதற்குச் செல்லாது.

பக்கவாதத்துக்கு மூளை ஸ்கேனில் மாற்றம் தெரிய வேண்டும், நரம்பியல் நிபுணர் சான்று தர வேண்டும், நிரந்தர நரம்புப் பாதிப்பு இருக்கிறதா என்று குறைந்தது மூன்று மாதம் பார்த்தபிறகே முடிவு. சில மணி நேரத்தில் சரியாகிவிடும் சிறு தாக்கம் சேராது. ஆகவே பாலிசி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பக்கவாதம் வந்த முதல் நான்கு மாதத்துக்குக் கைப்பணம் தனியாக வேண்டும்.

சிறுநீரகத்தில் இரண்டும் மீளமுடியாமல் செயலிழந்து டயாலிசிஸோ மாற்று அறுவையோ தேவைப்படும் நிலைதான் வரையறை. மூன்றாம், நான்காம் கட்டத்தில் வேலை செய்ய முடியாமல் திணறினாலும் பணம் வராது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு ரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தது. எல்லா இனங்களையும் சேர்த்த சராசரி 18.3. டயாலிசிஸுக்குப் போவோரில் பெரும் பகுதியினரை அங்கே கொண்டு சேர்ப்பது இந்த நீரிழிவுதான். அப்படியிருக்க, நம் வீடுகளில் நீரிழிவால் அடிக்கடி நடக்கும் இரண்டு இழப்புகள் இந்த 36இல் இல்லை: காலை வெட்டி எடுப்பது, விழித்திரை கெட்டுப் பார்வை மங்குவது. முழுப் பார்வையிழப்பு மட்டுமே பட்டியலில் உண்டு. நீரிழிவுச் சிக்கல்களுக்கென்று தனிப் பலன் சேர்த்த திட்டங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. குடும்பத்தில் சர்க்கரை ஓடினால், 150 நிலை என்ற விளம்பரத்தை விட இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

காத்திருப்புக் காலம்: புற்றுநோய், மாரடைப்பு, பைபாஸ், கடுமையான இதயநாள நோய் ஆகியவற்றுக்கு 60 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். அந்த நாட்களுக்குள் நோய் கண்டறியப்பட்டால் மட்டுமில்லை, அறிகுறி தொடங்கியிருந்தாலே பல பாலிசிகளில் கவரேஜ் கிடையாது. மார்பில் கட்டி தட்டுப்படுகிறது, பாலிசி எடுத்துவிட்டு 61ஆம் நாள் டாக்டரைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது உயிருக்கும் கேடு, கிளெய்முக்கும் கேடு. சில திட்டங்களில் நோய் உறுதியான பிறகு இத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. எத்தனை நாள் என்று கேளுங்கள். சந்தா தவறி பாலிசி காலாவதியாகி மறுபடி உயிர்ப்பித்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். பழைய பாலிசியை ரத்து செய்துவிட்டுப் புதியதற்கு மாறச் சொன்னால், புதியதன் 60 நாளும் கழியும்வரை பழையதை விடாதீர்கள்.

எந்த வடிவம்

ஆயுள் பாலிசியோடு சேரும் துணைக் காப்புறுதியான ரைடரில் இரண்டு வகை. ஒன்று, இறப்புத் தொகையிலிருந்து முன்கூட்டி எடுத்துத் தருவது: 200,000 ஆயுள் தொகையில் 100,000 கடுநோய்க்கு வாங்கிவிட்டால் இறப்புக்கு மிஞ்சுவது 100,000. மற்றொன்று அதற்கு மேல் கூடுதலாகத் தருவது, விலை அதிகம். ஏஜென்ட் இரண்டையும் ஒரே மூச்சில் 'சிஐ ரைடர்' என்றுதான் சொல்வார். ஆயுள் தொகை குறையுமா குறையாதா என்று எழுத்தில் கேளுங்கள்.

முதலீட்டோடு இணைந்த பாலிசியில் நீங்கள் கட்டும் பணம் யூனிட்டாக மாறி, அதிலிருந்து மாதாமாதம் காப்புறுதிச் செலவு கழிக்கப்படுகிறது. அந்தச் செலவு வயதோடு ஏறும். முதலீடு எதிர்பார்த்தபடி வளரவில்லை என்றால் 50 வயதுக்குப் பிறகு யூனிட் கரைந்து, கூடுதலாகக் கட்டு அல்லது பாலிசி போய்விடும் என்று கடிதம் வரும். கவரேஜ் மிக அவசியமான வயதும் அதுதான். விற்பனை விளக்கத் தாளில் ஆண்டுதோறும் காப்புறுதிச் செலவு எவ்வளவு, குறைந்த வளர்ச்சிக் கணிப்பில் எந்த வயதுவரை பணம் தாக்குப்பிடிக்கும் என்ற இரண்டு பத்திகள் இருக்கும். பேசி முடிக்கும் முன் அவற்றைத் தேடுங்கள். தனிக் கடுநோய்த் திட்டமோ டெர்ம் பாலிசியோ எளிமையானது: இத்தனை ஆண்டு, இத்தனை தொகை, முடிந்தால் ஒன்றும் திரும்பாது. சம்பளத்தைக் காக்கும் நோக்கத்துக்கு என் தேர்வு இதுதான். கட்டணம் நிலையானது என்று சொன்னாலும், அது உத்தரவாதமா, நிறுவனம் மாற்றலாமா என்று பொருள் விளக்கத் தாளில் பாருங்கள்.

நோய் வராவிட்டால் பணம் திரும்பும் திட்டங்களுக்கு ஆசைப்பட வேண்டாம். திரும்பும் பணம் நீங்கள் கூடுதலாகக் கட்டியதுதான். அதே மாதச் செலவில் பெரிய தொகைக்கு எடுப்பதே மேல். தொடக்கநிலைக் கவரேஜ், மார்பகப் புற்றோ தைராய்டுப் புற்றோ குடும்பத்தில் இருக்கும் பெண்களுக்கு விலைக்குத் தகுந்தது. ஊடுருவாத நிலைக்கும் ஒரு பங்கு தரும் என்பதால். பலமுறை கிளெய்ம் செய்யக்கூடிய திட்டம், முதல் பாலிசியாக எடுப்பவருக்கு வேண்டாம். கிளெய்முக்கு இடையே இடைவெளி, நோய்க் குழு என்று நிபந்தனைகள் அதிகம், விலையும் அதிகம்.

ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியின் உறுப்பினர்களுக்கு 2022 முதல் ஐ-லிண்டுங் என்ற வழி இருக்கிறது. இரண்டாம் கணக்குச் சேமிப்பிலிருந்தே, இப்போதைய பெயரில் அக்காவுன் செஜாத்தெராவிலிருந்து, ஆயுள், கடுநோய்த் திட்டங்களை இணையத்தில் வாங்கலாம். கையில் மாதக் காசு இல்லாதவருக்கு நல்ல வாசல். முதுமைக்கான சேமிப்பு கரைகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். கம்பெனி தரும் குழுக் காப்புறுதியில் கடுநோய்ப் பலன் இருந்தால் அது இனாம், நல்லது. ஆனால் நோயால் வேலையை விட்டால் அதுவும் போய்விடும்.

எவ்வளவுக்கு எடுப்பது

சம்பளத்தின் பத்து மடங்கு என்ற சூத்திரம் ஏஜென்டின் வசதிக்கானது. செலவிலிருந்து தொடங்குங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 4,500 ரிங்கிட் கைச்சம்பளம் வாங்கும் டெக்னீஷியன் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டு மாதச் செலவு, கடன் தவணையோடு, 3,200. நோய் வந்தால் பயணம், சத்துணவு, துணைக்கு ஆள் என்று மேலும் 700. மாதம் 3,900, இரண்டு ஆண்டுக்கு 93,600. சேமிப்பு 15,000 இருக்கிறது என்றால் மீதி 78,600. மனைவி வேலைக்குப் போய் மாதம் 1,200 வீட்டுக்குத் தருகிறார் என்றால் அதில் 28,800 குறைந்து 49,800. அதே ஆளுக்கு, மனைவியின் வருமானம் இல்லாவிட்டால் 80,000, இருந்தால் 50,000. பக்கவாதம் போன்றவை நீளும் என்பதால் மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போட முடிந்தவர்கள் அப்படியே போடுங்கள். மாதச் சந்தா சிரமம் என்றால் தொகையைக் குறையுங்கள், பாலிசியைத் தவணை தவறும் அளவுக்குப் பெரிதாக்காதீர்கள்.

விலை கேட்கும்போது ஒரே வயது, ஒரே தொகை, ஒரே கால அளவு, புகைப்பழக்கம் உண்டா இல்லையா என்பதும் ஒன்றாக வைத்து மூன்று நிறுவனங்களிடம் கேளுங்கள். தக்காஃபுல் என்ற இஸ்லாமியக் காப்புறுதித் திட்டங்களை முஸ்லிம் அல்லாதவர்களும் வாங்கலாம், ஒப்பிட்டுப் பாருங்கள். கல்வி, மருத்துவக் காப்புறுதிக்கான வரி விலக்கு 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் 3,000இலிருந்து 4,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. அதில் எவ்வளவு உங்கள் பாலிசிக்குப் பொருந்தும் என்பது நிறுவனம் ஆண்டுதோறும் அனுப்பும் சந்தா அறிக்கையில் இருக்கும்.

விண்ணப்பத் தாள்

இங்கேதான் பிற்காலக் கிளெய்மின் தலையெழுத்து எழுதப்படுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மாத்திரை, அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு, மூன்று ஆண்டுக்கு முன் செய்த ஸ்கேன், எல்லாவற்றையும் எழுதுங்கள். "அதெல்லாம் போட்டா ரிஜெக்ட் ஆயிடும், விட்டுடுங்க" என்று சொல்லும் ஏஜென்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கிளெய்ம் வரும்போது நிறுவனம் கிளினிக் பதிவுகளைக் கேட்கும். நிதிச் சேவைச் சட்டம் 2013 இரண்டு ஆண்டு நடப்பில் இருந்த ஆயுள் பாலிசியை, தவறான தகவல் என்ற காரணத்தால் ரத்து செய்ய, அது மோசடியாகச் சொல்லப்பட்டது என்று நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்கிறது. தெரிந்தே மறைத்தவருக்கு இது கேடயம் ஆகாது.

நீரிழிவைச் சொன்னால் மூன்று பதில் வரலாம்: கூடுதல் கட்டணம், சில நோய்களுக்கு விலக்கு, அல்லது மறுப்பு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவைக் கேட்பார்கள். கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகு விண்ணப்பித்தால் பதில் மாற வாய்ப்புண்டு. ஒரு நிறுவனம் மறுத்தால் அடுத்த நிறுவனத்தின் தாளில் 'முன்பு மறுக்கப்பட்டதா' என்ற கேள்வி வரும். அதற்கும் உண்மையே எழுத வேண்டும். ஆகவே முறையாக விண்ணப்பிக்கும் முன், பெயர் குறிப்பிடாமல் உங்கள் மருத்துவ விவரத்தை வைத்து ஒரு முன்கருத்துக் கேட்டு வாங்கித் தர முடியுமா என்று ஏஜென்டைக் கேளுங்கள்.

பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் யோசிக்க அவகாசம் உண்டு. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 15 நாளில் விண்ணப்பத்தின் நகலை எடுத்து, நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். காப்புறுதி நிறுவனமே முழுகிப்போனால் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம் கடுநோய்ப் பலனை 500,000 ரிங்கிட் வரை காக்கிறது.

கிளெய்ம் நேரத்தில்

புற்றுக்கு பயாப்சி அறிக்கை, இதயத்துக்கு இசிஜி தாள்களும் ரத்த அறிக்கையும் ஆஞ்சியோகிராமும், பக்கவாதத்துக்கு ஸ்கேன் படமும் மூன்று மாதத்துக்குப் பிந்திய நரம்பியல் அறிக்கையும், இவற்றோடு மைகார்டு நகல், வங்கி விவரம், டாக்டர் நிரப்ப வேண்டிய படிவம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ அறிக்கை வாரக்கணக்கில் ஆகும் என்பதால், டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே அறிக்கைப் பிரிவில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால், எந்த வரையறையின் எந்த வரி நிறைவேறவில்லை என்று எழுத்தில் கேட்டு, அந்த ஒரு வரிக்கு டாக்டரிடம் பதில் வாங்குங்கள். "நோயாளி மிகவும் கஷ்டப்படுகிறார்" என்ற கடிதம் பயன்படாது. நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள், நிதிச் சந்தை ஆம்பட்ஸ்மன் சேவையிடம் இலவசமாக முறையிடலாம். 2025 ஜனவரியிலிருந்து அதன் பெயர் இது.

ஒரு விஷயத்தை ஏஜென்ட் சொல்லவே மாட்டார். இறப்புத் தொகை வாரிசுதாரருக்குப் போகும். கடுநோய்த் தொகை பாலிசி உரிமையாளருக்கே போகும். பக்கவாதத்தால் அவர் நினைவிழந்து, கையெழுத்தும் போட முடியாத நிலையில் இருந்தால்? முன்பு எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி மனநலம் இழந்ததோடு பொதுவாகச் செல்லாமல் போகும். மனநலச் சட்டம் 2001இன் கீழ் உயர் நீதிமன்றம் போய்ப் பொறுப்பாளரை நியமிக்க வேண்டிவரலாம். அதற்கு மாதங்கள் ஆகும், வக்கீல் செலவும் உண்டு. சிறு தொகைக்கு நிறுவனங்கள் உள்விதிகளில் வழி வைத்திருக்கலாம். பாலிசி வாங்கும் நாளிலேயே "நான் பேச முடியாமல் கிடந்தால் யாரிடம் பணம் தருவீர்கள், என்ன தாள் வேண்டும்?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். மனைவியை உரிமையாளராகவும் கணவனைக் காக்கப்படுபவராகவும் வைத்து எடுத்தால் இந்தச் சிக்கல் தவிரும். இது ஒத்துவருமா என்று அந்த நிறுவனத்திடமே கேளுங்கள், பாலிசி எண்ணையும் கோப்பு வைத்திருக்கும் இடத்தையும் வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவையுங்கள்.